அடுப்படியில் நிற்பவரைக் கேட்டீர்களா?



போன மாதம் எங்கள் வீட்டு அடுப்பு வெடித்த செய்தி கேட்டுப் பலரும் போன் செய்தீர்கள். சிலர் நேரிலேயே வந்து பார்த்தீர்கள். "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் எனக்குச் சாதகமாக. இன்று முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதிவு நீளம்தான். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிற ஆள் நான் என்பது உங்களுக்குப் புதிது இல்லையே.

முதலில் ஒரு திருத்தம். வெடித்தது அடுப்பு இல்லை, அடுப்பின் மேலே இருந்த கண்ணாடி. ஆடி வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி இருக்கும். என் மனைவி பாயசத்துக்குப் பால் வைத்திருந்தாள். (மாணவர்களுக்கு அம்மா, உறவில் சிலருக்கு அத்தை, சிலருக்குப் பெரியம்மா. குழப்பம் வேண்டாம் என்று இந்தப் பதிவில் மனைவி என்றே எழுதுகிறேன்.) நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். லட்சுமி வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மேடையிலும் தரையிலும் கற்கண்டைக் கொட்டிவிட்ட மாதிரி கண்ணாடித் துண்டுகள். பால் பாத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அவள் அதற்குள் குனிந்து சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடிவிட்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று "என்னாச்சு, என்னாச்சு" என்று இரண்டு தடவை கேட்டேன். என் பங்களிப்பு அவ்வளவுதான்.

பால் அவள்மேல் கொட்டவில்லை, தெய்வாதீனம். ஆனால் மணைக்கட்டை மேல் நின்றுகொண்டிருந்தவள் கீழே இறங்கும்போது வெறும் காலில் துண்டுகளை மிதித்துவிட்டாள். உள்ளங்காலில் இரண்டு வெட்டு. சின்ன வெட்டுதான். ஆனால் அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும், காலில் சின்ன வெட்டு என்று ஒன்று கிடையாது. இருபத்து மூன்று நாள் கட்டுப் போட வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் இருந்தார். அந்த அரை நிமிடத்தை நான் மறக்கப் போவதில்லை. இப்போது ஆறிவிட்டது.

இனி உண்மையைச் சொல்ல வேண்டிய இடம். அந்தக் கண்ணாடி அடுப்பை 2017-இல் வாங்கியவன் நான். அன்று கடையில் அவள் ஸ்டீல் அடுப்பைக் காட்டி, "இதுவே போதுங்க, தேய்ச்சுக் கழுவ நல்லா இருக்கும்" என்றாள். நான் கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. சம்பந்தி வீட்டில் அதே மாதிரி பார்த்திருந்தேன். கடைக்காரர், "டஃப்பன்டு கிளாஸ் சார், சுத்தியால அடிச்சாலும் உடையாது" என்று சொல்லிவிட்டார். முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவன் அந்த வாக்கியத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன்!

டஃப்பன்டு கிளாஸ் என்பது என்ன? சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றை வேகமாக ஊதிக் குளிர வைக்கிறார்கள். வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது மெதுவாகக் குளிர்ந்து சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிப்போன வெளிப்புறத்தை உள்நோக்கி இழுக்கும். ஆகவே அந்தக் கண்ணாடியின் மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்திலும், நடுப்பகுதி எப்போதும் இழுவிசையிலும் இருக்கும். பார்க்க அமைதியாக இருக்கும். உள்ளே எந்நேரமும் ஒரு கயிறு இழுக்கும் போட்டி. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம் அந்த அழுத்தத்தால்தான் வருகிறது. நடுவில் குத்தினால் தாங்கும். ஆனால் விளிம்பில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்து, அந்தக் கீறல் உள்ளே இழுவிசைப் பகுதியைத் தொட்டுவிட்டால் தீர்ந்தது. முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகிவிடும். அந்த விளிம்புக் கீறல் இன்றைக்கு விழுந்ததாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆறு மாதத்துக்கு முன் குக்கரின் அடி லேசாக இடித்திருக்கலாம். தயாரிக்கும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்பைடு துகள் ஒன்று காலப்போக்கில் பருத்தும் உடையலாம். அதோடு தினமும் சூடாகி ஆறுகிறது. அகலமான பாத்திரம் வைத்தால் தீயின் சூடு கீழே திரும்பிக் கண்ணாடியில் அடிக்கிறது. பொங்கி வழிந்ததைச் சூடு ஆறுமுன் ஈரத்துணியால் துடைக்கிறோம். ஏதோ ஒரு நாள் நாள் வருகிறது.

கூர்மையான பாளங்களாக உடையாமல் சிறு கட்டிகளாக உடைகிறது என்பதால்தான் அதைப் பாதுகாப்புக் கண்ணாடி என்கிறார்கள். கார் பக்கவாட்டுக் கண்ணாடியும் இதேதான். அது சரியான காரணமும்கூட. ஆனால் காரில் உட்கார்ந்திருப்பவர் செருப்புப் போட்டிருப்பார். நம் சமையலறையில் யாரும் போட்டிருப்பதில்லை.

கண்ணாடி அடுப்பு வைத்திருக்கும் எல்லோரையும் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் வருடக்கணக்கில் ஒன்றும் ஆவதில்லை. வைத்திருப்பவர்கள் விளிம்பில் இடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சூடான தோசைக்கல்லை இறக்கிக் கண்ணாடி மேலேயே வைக்காதீர்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். சமைக்கும்போது ஒரு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்பது என் கருத்து. என் மனைவி இதை ஏற்கவில்லை.

அடுத்த நாள் அடுப்பு சர்வீஸ் செய்கிற தம்பி வந்தான். என் பழைய மாணவன்தான். பிளஸ் டூவில் இயற்பியலில் போய்விட்டது, அதோடு படிப்பை நிறுத்திவிட்டான். அன்று நான் அவனைத் திட்டியது இருவருக்கும் நினைவிருக்கிறது, இருவரும் பேசவில்லை. கண்ணாடியை அள்ளிக் கட்டியவன், சிலிண்டர் பக்கம் குனிந்து ட்யூபைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். ஆரஞ்சு நிற ட்யூப். "சார், இதுல போட்டிருக்கிற வருஷத்தைப் படிங்க" என்றான். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். 2013.

அந்த ட்யூபின் ஆயுள் ஐந்து வருடம். உள்ளே கம்பி வலை வைத்த ரப்பர் அது, எலி கடித்தாலும் சட்டென்று அறுந்துவிடாது. ஆனாலும் ரப்பர் ரப்பர்தான், காய்ந்து போகும். ரெகுலேட்டர் மாட்டும் முனையில் அவன் லேசாக வளைத்துக் காட்டினான். மயிரிழை மாதிரி வெடிப்புகள். 2017-இல் புது அடுப்பு வாங்கியபோது, "ட்யூப் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீண் செலவு" என்று பழையதையே மாட்டச் சொன்னவன் நான். கேஸ் ஏஜென்சியிலிருந்து கட்டாயப் பரிசோதனைக்கு ஆள் வந்தபோது, "எல்லாம் சரியா இருக்குப்பா" என்று வாசலிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பியவனும் நான். 200 ரூபாய்ச் சமாசாரம். அந்த ட்யூபுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடமாகத் தினமும் நான்கு மணி நேரம் நின்றவள் அவள்.

"கண்ணாடி உடைஞ்சதே நல்லதாப் போச்சு சார். இல்லன்னா நான் வந்திருக்க மாட்டேன், நீங்களும் இதைப் பார்த்திருக்க மாட்டீங்க" என்றான். இயற்பியலில் போனவன் சொன்னதை, இயற்பியல் வாத்தியார் குறித்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய் உங்கள் வீட்டு ட்யூபில் என்ன ஆண்டு அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். நான் காத்திருக்கிறேன். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். சுவரில் ஓட்டை போட்டு அந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தால், நடுவில் வெடித்திருப்பது கண்ணுக்கே தெரியாது. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரித் தங்கும். ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, வாசற்கதவையும் திறந்துவிட வேண்டும். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அந்த வாசனைகூட எரிவாயுவுக்குச் சொந்தமானது இல்லை. கசிவு தெரிவதற்காக மெர்காப்டன் என்று ஒரு நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது யார் யார் மூக்கைப் பொத்தினீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, புது அடுப்புக்கு வருகிறேன்.

குடும்பக் குழுவில் உடைந்த அடுப்பின் படத்தைப் போட்ட பத்தாவது நிமிடம் ஆலோசனைகள் வர ஆரம்பித்தன. பெங்களூருவில் இருக்கும் மகள், மேடைக்குள் பதிக்கிற நான்கு பர்னர் அடுப்புக்கு லிங்க் அனுப்பினாள். சிங்கப்பூரில் இருக்கும் மகன், "அப்பா, இந்தக் காலத்துல எதுக்கு கேஸ்? இண்டக்‌ஷன் வாங்கிப் போடுங்க, நானே ஆர்டர் பண்றேன்" என்றான். என் தம்பி, லைட்டரே வேண்டாத ஆட்டோ அடுப்பு என்றான். மைத்துனர், "இந்த வயசுல எதுக்கு சமையல், மெஸ்ஸுல சொல்லிடுங்க" என்றார். அவருடைய மனைவி அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. நானும் சும்மா இல்லை. எரிதிறன், நட்சத்திரக் குறியீடு, விலை என்று நான்கு பத்தி போட்டு ஒரு அட்டவணையே தயார் செய்தேன். இரண்டு நாள் இப்படி ஓடியது. மூன்றாம் நாள் இரவு அவளிடம் அட்டவணையைக் காட்டி, "எதை வாங்கலாம்?" என்றேன். பெருமையாகத்தான் கேட்டேன்.

அவள் சொன்னாள்: "என்னைத்தான் கேக்கிறீங்களா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்.

பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு பர்னர் போதும். மூன்றாவதுக்கு வைப்பது நடுவில்; அதில் பாத்திரம் வைத்தால் மற்ற இரண்டிலும் பெரிய பாத்திரம் வைக்க முடியாது. இரண்டு பர்னருக்கும் நடுவில் தோசைக்கல்லும் குழம்புச் சட்டியும் இடிக்காமல் உட்காருகிற இடைவெளி வேண்டும். நாப் எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்று கண்ணாடி போடாமல் தெரிய வேண்டும். பாத்திரம் வைக்கிற ஸ்டாண்டின் கால்கள் உள்ளே நன்றாக நீண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காபிக்குப் பால் காய்ச்சுகிற குட்டிச் செம்பு கவிழ்ந்துவிடும். சிம்மில் வைத்தால் தீ நிஜமாகவே சிறிதாக வேண்டும், காற்றுக்கு அணையக் கூடாது. அப்புறம், அடுப்பு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தோள் வலிக்கிறது.

என் அட்டவணையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

"அப்படியே மணைக்கட்டை இல்லாம நிக்க முடிஞ்சா நல்லா இருக்கும்" என்று கடைசியாக ஒன்று சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அடுப்படியில் மணைக்கட்டை போட்டு நிற்பதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். தரை சில்லென்று இருப்பதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். 1996-இல் இந்த வீட்டைக் கட்டும்போது, சமையல் மேடை எவ்வளவு உயரம் என்று கொத்தனார் கேட்டார். நான் போய் நின்று கையை வைத்துக் காட்டினேன். எனக்கு ஐந்தடி ஒன்பது அங்குலம். அவளுக்கு ஐந்தடியும் இல்லை. முப்பத்து நான்கு அங்குல மேடை, அதற்கு மேலே அடுப்பு, அதற்கு மேலே பாத்திரம். அந்த மேடையில் நான் இதுவரை சமைத்த சமையல்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம்.

இண்டக்‌ஷன் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மகன் வருத்தப்படுவான். அது நல்ல பொருள்தான். பாத்திரத்தின் அடியிலேயே சூடு பிறப்பதால் வீணாவது குறைவு. தீ இல்லை, கசிவு இல்லை, மறந்துவிட்டால் தானே அணைந்துவிடும். தனியாக இருக்கும், மறதி வந்துவிட்ட பெரியவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்வேன். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டிலும் வெந்நீருக்கென்று சின்னதாக ஒன்று இருக்கிறது. ஆனால் காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது. எங்கள் சமையலறையில் பொங்கலுக்கு வெண்கலப் பானை, மீன் குழம்புக்கு மண்சட்டி, ரசத்துக்கு ஈயச் சொம்பு. மூன்றும் ஆகாது. மூன்றையும் பரணில் ஏற்றிவிடலாம் என்று மகன் எழுதினான். சாப்பிட மட்டும் தெரிந்தவர்கள் சொல்கிற யோசனை அது.

ஈயச் சொம்பு என்றதும் ஒரு விஷயம். ஒரு அடுப்பின் சிம் எப்படி என்று சோதிக்க அதைவிடக் கறாரான கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை தண்ணீர் அதை 100 டிகிரிக்குச் சற்று மேலே போகவிடாது. ரசம் சுண்டினாலோ, தீ நாக்கு பக்கவாட்டில் ஏறினாலோ சொம்பு அடுப்பிலேயே வடிந்துவிடும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் ஒன்று அப்படிப் போனது. என் அம்மா அதை இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் என் மனைவி கையில் ஒரு சொம்புகூட உருகியதில்லை. உருகுநிலை எத்தனை டிகிரி என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். யாருக்கு இயற்பியல் தெரியும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

எரிதிறன் கணக்கும் போட்டுப் பார்த்தேன், பழக்கம் விடாதே. நம் ஊரில் விற்கும் வீட்டு கேஸ் அடுப்புக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். அந்தத் தரத்தின்படி குறைந்தது 68 சதவீத எரிதிறன் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 70 கிலோ கலோரி தேவை. ஒரு கிலோ எரிவாயு ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி தரும், அதில் 68 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும். வகுத்துப் பாருங்கள், லிட்டருக்கு ஏறக்குறைய 9.4 கிராம் எரிவாயு. அடுப்பு 72 சதவீதம் என்றால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் மிச்சம். எங்களுக்கு வருடம் ஆறு சிலிண்டர். மொத்தத்தில் ஒரு சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நட்சத்திரம் அதிகமுள்ள அடுப்பு கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் பாத்திரத்தை மூடிவைத்துச் சமைத்தாலும், பர்னர் ஓட்டைகளை வாரம் ஒருமுறை சுத்தம் செய்தாலும் இந்த அளவு தானாகவே மிச்சமாகும். நான்கு பத்தி அட்டவணையில் நான் மூன்று பத்தி இதற்கே ஒதுக்கியிருந்தேன்.

கடைக்குப் போனோம். காலில் கட்டு அவிழ்ந்த மறுநாள். பையில் அவள் பால் செம்பையும் ஒரு நூல்கயிற்றையும் எடுத்துக்கொண்டாள். கயிற்றில் இரண்டு முடிச்சு, தோசைக்கல்லின் அகலமும் குழம்புச் சட்டியின் அகலமும். கடைப்பையன், "வாங்க சார், இதைப் பாருங்க சார்" என்று எடுத்தவுடன் என்னிடம் ஆரம்பித்தான். "அவங்ககிட்ட காட்டுப்பா" என்றேன். ஒரு நிமிடம் அவளிடம் பேசிவிட்டு மறுபடி என்னைப் பார்த்தான். மூன்று தடவை இப்படி. அவன்மேல் தப்பில்லை, எட்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி கடையில் தலையாட்டியவன் நான்தானே. நான் வெளியே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாயிரம் ரூபாய் அடுப்பு ஒன்றின்மேல் செம்பை வைத்தாள். சாய்ந்தது. பையன் ஓடிவந்து பிடித்தான். அடுத்ததில் கயிற்றை நீட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மூன்றாவதில் நாப்பைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் பார்த்தாள். பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தான். அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள், பணம் கொடுக்க. இரண்டு பர்னர், ஸ்டீல், பித்தளை பர்னர், லைட்டரால் பற்றவைப்பது. 3,150 ரூபாய். புது ட்யூப் தனி.

பித்தளை பர்னர் பற்றி ஒரு வரி. கும்பகோணத்துக்காரனுக்கு, அதுவும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பித்தளை என்றால் பாசம் இருக்கும்தான். பாசம் ஒருபுறம் இருக்கட்டும். உப்பும் புளியும் பொங்கி வழிந்து வழிந்து மட்டமான உலோகத்தில் செய்த பர்னர் மூடிகள் அரித்து, ஓட்டைகள் பெரிதாகித் தீ ஒழுங்கில்லாமல் போகும். கனமான பித்தளை வருடக்கணக்கில் தாங்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். முலாம் பூசி ஏமாற்றுவதும் உண்டு, திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

தீயின் நிறத்தையும் பாருங்கள். நீலம் என்றால் சரி. மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். நம் ஆய்வகத்தில் இருந்த பன்சன் அடுப்புதான் உங்கள் சமையலறையிலும் படுத்துக்கொண்டிருக்கிறது. ஹைடல்பர்க்கில் 1855-ஐ ஒட்டி ராபர்ட் பன்சனுக்காக அங்கிருந்த கருவி செய்பவர் உருவாக்கியது. சின்ன ஓட்டை வழியாக வேகமாகப் பாயும் வாயு, போகிற வழியில் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டும் கலந்து மேலே எரிகிறது. அந்தச் சின்ன ஓட்டைக்குப் பெயர் நாசில். அடைத்துக்கொண்டால் ஊக்கை விட்டுக் குத்துகிறோமே, அது மகா தப்பு. ஓட்டை ஒரு முடியளவு பெரிதானால்கூடக் கணக்கு மாறிவிடும். சர்வீஸ் தம்பி அதைக் கழற்றி மாற்ற ஐந்து நிமிடம்தான் எடுத்துக்கொண்டான். குழாய் எரிவாயு வரும் ஊர்களில் இருப்பவர்களும் கவனியுங்கள். அதில் வருவது பெரும்பாலும் மீத்தேன், அழுத்தமும் வேறு. சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டக் கூடாது, நாசிலை மாற்ற வேண்டும்.

இதற்கெல்லாம் இவ்வளவு எழுத வேண்டுமா என்று என் தம்பி கேட்பான். 1980-களில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆசிரியர் அறையில் தினமும் பேப்பர் வரும். "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்று வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும். பம்ப் ஸ்டவ் எப்படி வேலை செய்கிறது என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து அதைப் படிப்பேன். அந்த ஸ்டவ் மாமியார் பற்றவைக்கும்போது ஏன் வெடிப்பதில்லை என்று ஒரு தமிழாசிரியை ஒரு நாள் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. வரதட்சணைச் சாவு என்று தனிச் சட்டப்பிரிவே 1986-இல் வந்தது. எங்கள் வீட்டில் நடந்ததை அதோடு ஒப்பிடவில்லை. அந்தக் கொடுமைக்கும் என் அலட்சியத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆனால் அடுப்புக்கு முன்னால் நிற்பவர் ஒருவர், அடுப்பைப் பற்றி முடிவு செய்பவர் இன்னொருவர் என்பது மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. நல்ல மனதோடு முடிவு செய்பவர்கள் வீட்டிலும் மாறவில்லை.

அதனால் என் கருத்து இதுதான், யாருக்கு வருத்தம் வந்தாலும் பரவாயில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு அம்மாவுக்கு அடுப்பு ஆர்டர் செய்யாதீர்கள். அதைத் திருப்பி அனுப்ப மனம் வராமல், பிடிக்காததை அவர் பத்து வருடம் வைத்துச் சமைப்பார். விடுமுறைக்கு வரும்போது கடைக்குக் கூட்டிப் போங்கள். அவர் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே ஸ்டூலில் உட்காருங்கள். சமைக்கிறவர் ஆண் என்றால் அவரே எடுக்கட்டும். என் மாணவர்களில் நன்றாகச் சமைக்கிற பையன்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வீட்டில் சமையலுக்கு அக்கா ஒருவர் வருகிறார் என்றால் அவரையும் கேளுங்கள், உங்கள் வீட்டு அடுப்புக்கு முன்னால் உங்களைவிட அதிக நேரம் நிற்பது அவர்தான்.

புது அடுப்பில் முதலில் பால் காய்ச்சினாள். செம்பு ஆடாமல் நின்றது. மறுநாள் ஈயச் சொம்பில் ரசம். இப்போது காலைக் காபி மட்டும் என் பொறுப்பு. இரண்டு நாள் பாலைப் பொங்கவிட்டேன், அடுப்பை நானே துடைத்தேன். ஸ்டீல் துடைக்கச் சுலபமாகத்தான் இருக்கிறது.

மேடை விஷயம் இன்னும் முடியவில்லை. கொத்தனார் வந்து பார்த்தார். கிரானைட்டைக் கழற்றி நான்கு அங்குலம் இறக்கலாம், கீழே சிலிண்டர் நிற்கும் இடத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், தை பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். எவ்வளவு உயரம் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் உள்ளே கூப்பிட்டேன். அவள் வந்து, மணைக்கட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் நின்று, முழங்கையை மடித்துக் காட்டினாள். கொத்தனார் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.